உருளை ஜாபில் டூல்பாத்தைச் சுற்றிலும் நகலெடுத்தேன், இரண்டாவது ஜன்னல் காற்றில் வெட்டுகிறது

வேலந்தாவளம்_மில்லிங் | செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கஞ்சிக்கோட்டில் ஒரு சின்ன ஜாப் ஒர்க் கடையில் ப்ரோகிராம் போடுகிறேன். மூன்று ஆக்ஸிஸில் நாலு வருடம் ஓட்டியிருக்கிறேன். ரோட்டரி டேபிள் (ஜாபைப் பிடித்துச் சுழற்றுகிற மேஜை) வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

கன்ட்ரோல் வால்வுக்கான கேஜ் ஒன்று வந்திருக்கிறது (அளக்கிற கேஜ் இல்லை, பிளக் உள்ளே ஏறி இறங்குகிற கூண்டு). வெளிவிட்டம் 90, உள்விட்டம் 66, நீளம் 110, மெட்டீரியல் 410 ஸ்டெயின்லெஸ். சுற்றிலும் 90 டிகிரிக்கு ஒன்றாக நாலு ஜன்னல். ரோட்டரி எக்ஸ் ஆக்ஸிஸ் வாக்கில் படுத்திருக்கிறது, அது திரும்புகிற கோணம்தான் ஏ ஆக்ஸிஸ்.

முதல் ஜன்னலுக்கு டூல்பாத் (கட்டர் போகிற பாதை) போட்டு, ஃப்யூஷனில் (பாதை போடுகிற கேம் மென்பொருள்) சர்க்குலர் பேட்டர்ன் கொடுத்து, உருளையின் முகத்தைத் தொட்டு அச்சாக எடுத்து, நாலு நகல் கேட்டேன். சிமுலேஷனில் நாலும் கச்சிதம். மெஷினில் முதல் ஜன்னல் சரி. ஏ 90-க்குத் திரும்பியதும் கட்டர் 45 மிமீ மேலேயும் ஒய்யில் 45 மிமீ தள்ளியும் போய் நின்று காற்றில் வெட்டுகிறது. ஏ 180-ல் ஒய் சரியாக இருக்கிறது, உயரம் மட்டும் 90 மிமீ கூடுதல். ஏ 270-ல் மறுபடி 45 மேலே, ஒய்யில் எதிர்ப்பக்கம் 45. போஸ்ட் (கேம் பாதையை மெஷினுக்கான எண்களாக மாற்றுகிற நிரல்) தப்பா, ரோட்டரி செட்டிங் தப்பா? நாளை காலை ஷிஃப்டுக்குள் ஓட்டியாக வேண்டும்.

கணபதி_டூல்ரூம் | செவ்வாய், இரவு 10.05

தம்பி, நீங்கள் எழுதிய எண்களிலேயே விடை இருக்கிறது. 45 உங்கள் ஜாபின் ஆரம். 90 அதன் விட்டம். பிழை என்பது ஏதோ ஒரு எண்ணாக வராமல் ஆரமாகவும் விட்டமாகவும் வந்தால், சுற்றுகிற அச்சு ஓரிடத்திலும் ஜீரோ இன்னோரிடத்திலும் இருக்கிறது என்று பொருள். கேமில் ஒர்க் ஜீரோவை (எக்ஸ் ஒய் இசட் எண்கள் தொடங்குகிற புள்ளியை) எங்கே வைத்தீர்கள்? உருளையின் மேல்தோலில்தானே?

வேலந்தாவளம்_மில்லிங் | செவ்வாய், இரவு 10.12

ஆமாம் அண்ணா, மேல்தோலில்தான். வைஸில் பிடிக்கிற ஜாபுக்கு எப்போதும் மேலே இசட் ஜீரோ வைத்துப் பழக்கம். மெஷினிலும் தோலைத் தொட்டுத்தான் ஜி54 (மெஷினில் பதிகிற ஒர்க் ஜீரோ) எடுத்தேன். இரண்டும் ஒன்றுதானே, பிறகு எப்படி மாறும்?

கணபதி_டூல்ரூம் | செவ்வாய், இரவு 10.48

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள், நானும் ஒரு காலத்தில் விழுந்தேன்.

செக்கு மாடு எந்தத் தூணில் கட்டியிருக்கிறதோ அந்தத் தூணைத்தான் சுற்றும். உங்களிடம் இரண்டு தூண்கள் இருக்கின்றன. நகலெடுக்கும்போது உருளையின் முகத்தைத் தொட்டீர்கள், அதனால் நகல்கள் உருளையின் நடு அச்சைச் சுற்றி அமைந்தன. அதனால்தான் திரையில் எல்லாம் அழகாகத் தெரிந்தது. ஆனால் போஸ்ட் அந்த நகல்களை எண்களாக மாற்றும்போது ஒர்க் ஜீரோ வழியாகப் போகிற எக்ஸ் அச்சைத்தான் திருப்புமையம் என்று எடுத்துக்கொள்கிறது. அது உங்கள் ஃபைலில் மேல்தோலில் கிடக்கிறது. அடியில் இருக்கிற 180 டிகிரி ஜன்னல் மேல்தோலுக்கு 90 கீழே. அதை மேல்தோலைச் சுற்றி அரைவட்டம் திருப்பினால் 90 மேலே வந்துவிடும். பக்கவாட்டு ஜன்னல் 45 தள்ளி, 45 கீழே. திருப்பினால் 45 தள்ளி, 45 மேலே. போஸ்டில் தப்பு இல்லை, ரோட்டரியிலும் தப்பு இல்லை.

தோலில் ஜீரோ வைத்ததால் நீங்கள் தப்பித்தீர்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிலர் ஜாபின் அடியில் இசட் ஜீரோ வைப்பார்கள். அப்படி வைத்திருந்தால் இதே கணக்கு தலைகீழாகி, ஏ 180-ல் கட்டர் தோலிலிருந்து 90 மிமீ கீழே இறங்கியிருக்கும். ஜாப், கட்டர், ஸ்பிண்டில் எதுவும் மிஞ்சியிருக்காது.

செய்ய வேண்டியது இதுதான். கேமில் ஒர்க் ஜீரோவை உருளையின் நடு அச்சில் வையுங்கள். ஒய்யும் இசட்டும் மையத்தில், எக்ஸ் மட்டும் முகத்தில். மெஷினிலும் ஜி54-ன் ஒய், இசட் இரண்டும் ரோட்டரியின் சுழல் மையம். இசட்டை ஜாபின் தோலில் தொட்டால் அந்த இடம் இசட் 45 என்று கொடுக்க வேண்டும், ஜீரோ என்று அல்ல.

அப்புறம் ஒரு சோதனை. இதை எந்த ஜாபிலும் விடாதீர்கள். போஸ்ட் போட்ட ப்ரோகிராமைத் திறந்து, ஏ 0-க்குக் கீழே வரும் எக்ஸ் ஒய் இசட் எண்களையும் ஏ 90-க்குக் கீழே வருவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே மாதிரி ஜன்னல் என்றால் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஏ மட்டும்தான் மாறலாம். வேறு ஏதாவது மாறியிருந்தால் மெஷினுக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

வாளையார்_விஎம்சி | செவ்வாய், இரவு 11.20

அண்ணன் சொன்னதோடு ஒரு விசித்திரத்தையும் சேர்க்கிறேன். இதே ஜாபில் தோலில் ஜீரோ வைத்து, நகலெடுக்கும் அச்சையும் அந்த ஜீரோவின் எக்ஸ் அச்சாகவே கொடுத்திருந்தால், திரையில் நகல்கள் ஜாபை விட்டு வெளியே அந்தரத்தில் தொங்கியிருக்கும். ஆனால் மெஷினில் நாலு ஜன்னலும் சரியாக வந்திருக்கும்! ஏனென்றால் எந்த அச்சைச் சுற்றி நகலெடுத்ததோ அதே அச்சைச் சுற்றித்தான் போஸ்டும் திருப்பிப் போடுகிறது, எண்கள் மாறுவதில்லை. திரையும் மெஷினும் ஒத்துப்போவது இரண்டு தூணும் ஒன்றானால் மட்டுமே.

மாஸ்டர்கேமில் (இன்னொரு கேம் மென்பொருள்) போடுகிறவர்களுக்கு: டூல்பாத் டிரான்ஸ்ஃபார்ம், அதில் ரொட்டேட். முறை என்று கேட்கும் இடத்தில் டூல் பிளேன் எடுங்கள். கோஆர்டினேட் எடுத்தால் எண்களைச் சுழற்றிவிடும், ஏ வராது. எக்ஸைச் சுற்றிச் சுற்ற வேண்டுமானால் சுழற்றும் தளம் ரைட் சைட். ஃப்யூஷனில் கீப் ஓரியண்டேஷன் டிக்கை நீக்கியிருக்க வேண்டும். டிக் இருந்தால் கட்டர் நிமிர்ந்தபடியே ஜாபின் பக்கவாட்டுக்கும் அடிக்கும் போகப் பார்க்கும்.

இன்னொன்று, இன்டெக்ஸுக்கு (அடுத்த கோணத்துக்குத் திருப்பி நிறுத்துவதற்கு) முன் இசட் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். உருளை திரும்பினால் உயரம் மாறாது என்று நினைப்போம். சக்கின் (ஜாபைப் பிடிக்கிற பிடியின்) தாடை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அது திரும்பும்போது உருளையைவிட உயரமாக வரும். ஜன்னல் சக் பக்கம் நெருக்கமாக இருந்தால் ஹோல்டர் தாடையில் அடிக்கும்.

கொழிஞ்சாம்பாறை_மேக்ரோ | புதன், காலை 6.15

எல்லாம் சரி. ஆனால் ஒரே ஜன்னலை நாலு முறை எழுதி நாலு மடங்கு நீளத்தில் ப்ரோகிராம் எதற்கு? ஜன்னலை ஒரு சப் ப்ரோகிராமில் வையுங்கள். மெயினில் ஏ 0, எம்98 (சப் ப்ரோகிராமைக் கூப்பிடுகிற கட்டளை), ஏ 90, எம்98, அவ்வளவுதான். காலை ஷிஃப்ட் செட்டர் ஃபீடைக் (கட்டர் நகரும் வேகத்தைக்) குறைத்தால் ஒரே இடத்தில் குறைப்பார், நாலு ஜன்னலுக்கும் பொருந்தும். கேமிலிருந்து நாலு நகலாக வந்த ப்ரோகிராமில் முதல் ஜன்னலுக்கு மட்டும் மாற்றிவிட்டு மற்ற மூன்றை மறந்த ஷிஃப்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எண்கள் எழுத்துக்கு எழுத்து ஒன்று என்று நீங்களே சொல்கிறீர்கள், அப்படியானால் அதை நாலு முறை எழுதுவது வீண்தானே.

கணபதி_டூல்ரூம் | புதன், காலை 7.02

இது எனக்கும் பிடித்த வழிதான். போஸ்டிலேயே சப் ப்ரோகிராமாக எழுதச் சொல்லும் வசதி இருந்தால் அதை எடுங்கள், இரண்டு பயனும் கிடைக்கும். ஆனால் கை மேக்ரோவுக்கு முழுக்க மாறுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. டிராயிங் திருத்தி வரும்போது கேமில் மூல ஜன்னலை மாற்றினால் நகல்கள் தாமாக மாறும். கையால் எழுதிய மெயினில் மூன்று டூலுக்கும் நாலு கோணத்துக்கும் வரிசை நாமே பார்க்க வேண்டும்.

வரிசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்று டூல், நாலு ஜன்னல். ஒவ்வொரு ஜன்னலையும் முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனால் 12 டூல் மாற்றம். டூல் வாரியாகப் போனால் 3 டூல் மாற்றம், அதற்குப் பதில் ரோட்டரி 12 முறை நிற்கும். உங்கள் டேபிளுக்கு கிளாம்ப் திறந்து மூடும் நேரம் எவ்வளவு என்று பார்த்து முடிவெடுங்கள். பெரும்பாலும் டூல் வாரிதான் ஜெயிக்கும்.

நகலில் ஒரு அபாயம் இருக்கிறது. நகல் மாடலைப் பார்ப்பதில்லை. முதல் ஜன்னலுக்கு வெட்டக்கூடாத இடம் என்று கேம் பார்த்துப் பார்த்துப் போட்ட பாதையை மற்ற கோணத்துக்கு அப்படியே சுழற்றி வைக்கிறது. 180-ல் ஒரு பின் ஓட்டை இருந்தாலோ, ஒரு ஜன்னலின் மூலை ஆரம் வேறாக இருந்தாலோ அதற்குத் தெரியாது. நகலெடுத்த பிறகு நாலு பக்கமும் ஸ்டாக் சிமுலேஷன் ஓட்டிப் பார்ப்பது அதற்காகத்தான்.

வேலந்தாவளம்_மில்லிங் | புதன், இரவு 8.30

கோடி நன்றி. ஜீரோவை மையத்துக்கு மாற்றினேன். எண்கள் நாலிலும் ஒன்றாக வந்தன, சப் ப்ரோகிராமாகவே எடுத்தேன். மூன்று ஜாப் ஓடிவிட்டன.

இப்போது வேறு பிரச்சினை. ஜன்னல்களுக்கு நடுவே கோணம் சரியாக 90 இருக்கிறது, அதில் குறையே இல்லை. ஆனால் எதிரெதிர் ஜன்னல்கள் நேருக்கு நேர் பார்க்கவில்லை. 0 ஜன்னலின் நடுக்கோடும் 180 ஜன்னலின் நடுக்கோடும் 0.12 விலகி இருக்கின்றன. 90-க்கும் 270-க்கும் அதே 0.12. ரோட்டரியில் பேக்லாஷ் (பற்களுக்கு நடுவே தளர்வு) என்கிறார் எங்கள் செட்டர் சேட்டன்.

சூலூர்பேட்டை_இன்ஸ்பெக்ஷன் | புதன், இரவு 9.55

அளக்கிற வேலையில் இருப்பதால் இதுபோன்ற ரிப்போர்ட் அடிக்கடி கையில் வரும்.

பேக்லாஷ் என்றால் கோணம் கெட்டிருக்கும். உங்கள் கோணம் கெடவில்லை. கோணம் சரி, எதிரெதிர் விலகல் மட்டும், அதுவும் இரண்டு ஜோடியிலும் ஒரே அளவு என்றால் ஒய் ஜீரோ மையத்தில் இல்லை. ஒய் 0.06 தள்ளியிருக்கிறது. ஒவ்வொரு ஜன்னலும் ஒரே பக்கமாக 0.06 நகர்ந்து வெட்டப்படுகிறது, அதனால் அவற்றுக்குள் கோணம் மாறவில்லை. ஆனால் ஜாபில் நின்று பார்த்தால் 0-ல் அந்த நகர்வு வலப்பக்கம், 180-ல் இடப்பக்கம். இரண்டும் சேர்ந்து 0.12. எதிர் முகத்தில் பிழை எப்போதும் இரட்டிப்பாகத்தான் தெரியும்.

மையத்தைப் பிடிக்க நான் நம்புகிற வழி: 25 மிமீ அலுமினியக் கம்பியை ரோட்டரியில் பிடித்து, அதன் நுனியில் 6 மிமீ எண்ட்மில்லால் ஒய் 0-ல் எக்ஸ் வாக்கில் ஒரு பள்ளம், மையத்தைச் சற்றே தாண்டி 13 மிமீ ஆழம். ஏ 180 திருப்பி அதே பள்ளம் மறுபடி. ஒய் சரியாக இருந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். இல்லையென்றால் நடுவில் ஒரு படி தெரியும். அந்தப் படியில் பாதிதான் ஒய் பிழை. கட்டரின் விட்டம் கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் இந்தக் கணக்கைப் பாதிக்காது, அதுதான் இதில் அழகு.

இசட்டுக்கு இன்னும் சுலபம். அதே கம்பியில் ஏ 0-ல் ஒரு சமதளம், ஏ 180-ல் அதே இசட்டில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே மைக்ரோமீட்டர் வைத்தால் வருவதில் பாதி, மையத்திலிருந்து அந்த இசட்டின் உண்மையான உயரம்.

வேலந்தாவளம்_மில்லிங் | வியாழன், மதியம் 1.10

படி 0.12 வந்தது! ஒய்யை 0.06 நகர்த்தி மறுபடி ஒரு கம்பி வெட்டினேன், விரல் நகத்துக்குப் படி தட்டுப்படவில்லை. செட்டர் சேட்டனும் கூடவே நின்று பார்த்தார், இனி ரோட்டரி ஏற்றும்போதெல்லாம் இந்தக் கம்பியை முதலில் வெட்டுவது என்று முடிவு செய்துவிட்டோம்.

அடுத்த ஜாபுக்கும் இப்போதே கேட்டுவிடுகிறேன். அதே அளவு கேஜ், ஜன்னலுக்குப் பதில் ஓட்டைகள். ஒரு வரிசையில் 28, மொத்தம் 12 வரிசை, ஒன்றுவிட்டு ஒரு வரிசை அரைப் பிட்ச் (ஓட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் பாதி) தள்ளி. 336 ஓட்டை. இதற்கும் நகல்தானா?

கொழிஞ்சாம்பாறை_மேக்ரோ | வியாழன், இரவு 8.45

இங்கே கோணக் கணக்குதான் முக்கியம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

இதேபோல் 28 ஓட்டை ஜாப். 360-ஐ 28-ஆல் வகுத்தால் 12.857142 என்று போய்க்கொண்டே இருக்கும். நான் 12.857 என்று எடுத்து, ஜி91-ல் (நிற்கிற இடத்திலிருந்து இவ்வளவு என்கிற இன்க்ரிமென்ட் முறை) ஒவ்வொரு ஓட்டைக்கும் அவ்வளவு திருப்பினேன். 28 முறை திருப்பினால் 359.996. ஒரு சுற்றுக்கு 0.004 டிகிரி குறைகிறது. அது ஒன்றுமில்லை என்று விட்டேன். 12 வரிசைக்கு 0.048 டிகிரி. 90 விட்டத்தில் அது 0.038 மிமீ, அதுவும் டிராயிங் டாலரன்ஸுக்குள். ஆனால் ஜாப் முடிந்து ஏ-யை ஜீரோவுக்குக் கொண்டுவராமல் அப்படியே அடுத்த ஜாபை ஸ்டாப்பில் பொருத்தி ஓட்டினேன். 50-வது ஜாபில் 2.4 டிகிரி. தோலில் கிட்டத்தட்ட 1.9 மிமீ. முகத்தில் இருந்த லொக்கேட்டிங் காடிக்கும் ஓட்டைக்கும் சம்பந்தமே இல்லாமல் போனது. முழு லாட்டும் திரும்பி வந்தது. அந்த இரண்டு வாரம் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை.

அதிலிருந்து இன்க்ரிமென்டில் கோணம் போடுவதில்லை. ஒரு எண்ணியை ஜீரோவில் தொடங்கி, ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒன்று கூட்டி, ஏ-யை ஜி90-ல் (எப்போதும் ஜீரோவிலிருந்து கணக்கிடுகிற முறை) 360 பெருக்கல் எண்ணி வகுத்தல் 28 என்று கணக்கிடுகிறேன். முதலில் பெருக்க வேண்டும், பிறகுதான் வகுக்க வேண்டும். அப்போது மெஷின் 0.001-க்கு முழுமையாக்கினாலும் எந்த ஓட்டையிலும் பிழை 0.0005 டிகிரியைத் தாண்டாது, அடுத்ததுக்கும் போகாது. தள்ளி வரும் வரிசைக்கு எண்ணியோடு அரை சேர்த்தால் போதும். கேமில் நகலெடுத்தாலும் கோணத்தைக் கையால் 12.857 என்று தட்டாதீர்கள், 360-ஐ 28 சம பங்கு என்று கேளுங்கள்.

வாளையார்_விஎம்சி | வியாழன், இரவு 9.30

இதோடு இதையும் பாருங்கள். கடைசி ஓட்டை 347.143-ல் இருக்கும். அங்கிருந்து ஏ 0 என்று சொன்னால் மெஷின் 13 டிகிரி முன்னே போகுமா, 347 டிகிரி பின்னே அவிழுமா? ஃபனக் கன்ட்ரோலில் 1008-ம் பராமீட்டரில் ரோல்ஓவர் (ஒரு சுற்று முடிந்ததும் மறுபடி ஜீரோவிலிருந்து எண்ணுவது) போட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஒரு சுற்றின் அளவு 1260-ல் இருக்கும். மெஷின்காரர் புத்தகத்தோடு ஒப்பிட்டுவிட்டுத் தொடுங்கள். 12 வரிசைக்கும் 12 முறை பின்னோக்கி அவிழ்ந்தால் நேரம் வீண்.

சூலூர்பேட்டை_இன்ஸ்பெக்ஷன் | வியாழன், இரவு 10.20

தம்பி, ஓட்டை ஜாபுக்குப் போகும் முன் ஜன்னல் ஜாபின் டிராயிங்கை மறுபடி எடுங்கள். ஜன்னல் அகலம் 30 என்று நினைக்கிறேன். அது எந்தப் பரப்பில் சொல்லப்பட்ட 30?

நீங்கள் கோணத்தில் நிறுத்தி ஒய்யில் நகர்ந்து வெட்டுகிறீர்கள். பக்கச்சுவர் இரண்டும் இணையாக வரும். குறுக்கே நேராக அளந்தால் வெளியேயும் 30, உள்ளேயும் 30. வெளித்தோலின் வளைவில் அளந்தால் 30.6 வரும். டிராயிங் தோலை விரித்துப் போட்ட படத்தில் 30 என்று சொல்லியிருந்தால் ஜாப் தப்பு.

விரித்த படம் என்றால் பாதையை உருளையில் சுற்றி வெட்ட வேண்டும், ஒய் அசையாது, ஏ திரும்பிக்கொண்டே இருக்கும். அப்போது கட்டர் எப்போதும் மையத்தைப் பார்த்தே நிற்பதால் ஜன்னல் உள்ளே போகப் போகக் குறுகும். 10 மிமீ கட்டரால் சுற்றினால் வெளியே 30 இருக்கிற ஜன்னல் 66 உள்விட்டத்தில் 25-ஐ ஒட்டித்தான் இருக்கும். பிளக் ஏறி இறங்குவது உள்பக்கத்தில். எவ்வளவு திரவம் போகிறது என்பதைத் தீர்மானிக்கிற விளிம்பு அதுதான். உங்கள் ஊரிலேயே 1987-ல் தொடங்கிய எஃப்சிஆர்ஐ (ஃப்ளூயிட் கன்ட்ரோல் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்) இருக்கிறது. அதுபோன்ற ஃப்ளோ லேபில் வால்வின் சிவி (எவ்வளவு திரவம் விடும் என்கிற எண்) அளக்கும்போது இந்த 5 மிமீ நன்றாகவே தெரியும். அதனால் நகல் வேறு, சுற்றுதல் வேறு. இரண்டும் திரையில் ஒரே மாதிரி தெரிவதை நம்ப வேண்டாம்.

வேலந்தாவளம்_மில்லிங் | வெள்ளி, காலை 7.40

டிராயிங் எடுத்துப் பார்த்தேன். குறுக்குவெட்டுப் படத்தில் இணையான சுவரோடு 30 என்றுதான் இருக்கிறது. இன்டெக்ஸ் வழியே சரி. ஆனால் அடுத்த மாதம் வரப்போகிற கேஜில் ஜன்னல் கீழே குறுகி மேலே விரிகிற வளைவு, அது விரித்த படம்தான், உள்விட்டத்துக்கு என்று குறிப்பும் இருக்கிறது. அதற்கு ஜி07.1 (விரித்த படத்தை உருளையில் சுற்றி வெட்டுகிற கட்டளை) போடலாமா?

வாளையார்_விஎம்சி | வெள்ளி, காலை 8.15

உங்கள் கன்ட்ரோலில் அந்த ஆப்ஷன் இருந்தால் போடலாம். ஏ-க்குப் பக்கத்தில் ஆரம் கொடுத்தால் தொடங்கும், ஜீரோ கொடுத்தால் நிற்கும். ஆரம் 33 கொடுங்கள், 45 அல்ல, ஏனென்றால் படம் உள்விட்டத்துக்கு. கணக்கு உள்விட்டத்துக்கு என்றால் தோலில் கட்டர் இன்னும் வேகமாக ஓடும், 33-க்கு 45 என்ற விகிதத்தில். ஃபீடை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆப்ஷன் இல்லாமல் கேமிலிருந்து நேராக ஏ நகர்வாக வந்தால் ஜி94-ல் (நிமிடத்துக்கு இவ்வளவு என்கிற ஃபீட்) அது டிகிரி கணக்கு ஆகிவிடும். 60 விட்டத்தில் எஃப் 200 என்றால் தோலில் 105 மிமீதான் நகரும். அதே எஃப் 90 விட்டத்தில் 157. எக்ஸும் ஏ-யும் சேர்ந்து ஓடும்போது இன்னும் குழப்பம். போஸ்டில் ஜி93 (ஒவ்வொரு நகர்வுக்கும் நேரத்தை வைத்துச் சொல்கிற ஃபீட்) இருந்தால் அதை எடுங்கள்.

வேலந்தாவளம்_மில்லிங் | சனி, மாலை 6.20

ஜன்னல் ஜாப் 40-ம் முடிந்தது. 0, 180, 90, 270 என்ற வரிசையில் எதிரெதிராக ரஃப் எடுத்தேன். உள்விட்டத்தில் 0.3 விட்டு வைத்திருந்தோம், ஜன்னல் வெட்டி பர் (ஓரத்தில் நிற்கிற பிசிறு) எடுத்த பிறகு கடைசியாக லேத்தில் 66-க்கு முடித்தோம். ஜன்னல் ஓரத்தில் பர் மிச்சமிருந்தால் பிளக் சிராய்க்கும் என்று கம்பெனியிலிருந்து வந்தவர் விரலை உள்ளே விட்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எதிரெதிர் விலகல் அதிகபட்சம் 0.015. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

28 ஓட்டை ஜாபுக்குத் திங்கள்கிழமை அலுமினியக் கம்பி முதலில், பிறகு எண்ணியை வைத்துக் கணக்கிடுகிற மேக்ரோ. கொழிஞ்சாம்பாறை அண்ணா, மேக்ரோவை எழுதியதும் இங்கே போடுகிறேன். ஓட்டும் முன் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை_மேக்ரோ | சனி, இரவு 7.05

போடுங்கள் தம்பி. ஞாயிறு வீட்டில்தான் இருப்பேன். முதல் ஓட்டையின் ஏ, 28-வது ஓட்டையின் ஏ, 29-வது வந்தால் என்ன ஆகும், இந்த மூன்றையும் கையால் கணக்குப் போட்டு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.